அதியமானுக்கு மீசை உண்டா?

அதியமானுக்கு மீசை உண்டா?

சிரிக்காதீர்கள். நிஜமாகவே கேட்கிறேன். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு மீசை இருந்ததா? இருந்தால் முறுக்கு மீசையா, ஒட்ட வெட்டின மீசையா? ஆள் கறுப்பா, மாநிறமா? மூக்கு எடுப்பா, சப்பையா?

யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தமிழில் டாக்டர் பட்டம் வாங்கினவருக்கும் தெரியாது.

ஆனால் தர்மபுரிப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி வைத்து, ‘நம் மாவட்டத்தின் பெருமை’ என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் ஒகேனக்கல் அருவியை வரையும். மீதிப் பிள்ளைகள் அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுக்கிற காட்சியை வரையும். அத்தனை அதியமானுக்கும் மீசை இருக்கும். தலையில் கிரீடம் இருக்கும். கழுத்தில் ஆரம், காதில் குண்டலம், தோளில் பட்டு அங்கவஸ்திரம். அத்தனை அவ்வையும் நரைத்த தலையோடு கோல் ஊன்றிக் கொண்டு நிற்பாள்.

‘இவரை யார் சார் பார்த்தாங்க?’ என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எந்த ஆசிரியரும் யோசித்து வைத்திருக்க மாட்டார்.

இந்த வாரம் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக் கொள்ளலாம் என்று பார்க்கிறேன். பார்க்காத முகத்தை வரையச் சொல்லிப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கிறோமே, அது பாடமா, பொய்யா?

*

முதலில், முகம் வரைய எப்படிக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். முட்டை வடிவத்தில் ஒரு கோடு. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒன்று, குறுக்காக ஒன்று. குறுக்குக் கோட்டின் மேல் கண்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கிற அளவு இடைவெளி. கண்ணுக்கும் தாடைக்கும் பாதி வழியில் மூக்கின் அடி. அதற்குக் கீழே வாய். புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை காது.

புதிதாக வரைகிற பிள்ளை செய்கிற முதல் தப்பு என்ன தெரியுமா? கண்ணைத் தூக்கி நெற்றியில் வைத்துவிடும். தலையின் உயரத்தில் கண் சரிபாதியில்தான் இருக்கிறது என்பதைச் சொன்னால் நம்பாது. கண்ணாடி முன்னால் நிறுத்தி அளந்து காட்ட வேண்டும். ‘உனக்குத் தெரிஞ்சதை வரையாதே, கண்ணுக்கு முன்னாடி இருக்கிறதை வரை’ என்பார் நல்ல ஓவிய ஆசிரியர். ஓவியக் கலையின் மொத்த ஒழுக்கமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

அதே ஆசிரியர் அடுத்த வாரம் ‘அதியமானை வரை’ என்கிறார். கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறது? ஸ்டேஷனரி கடையில் வாங்கின தலைவர்கள் சார்ட். அல்லது இன்டர்நெட்டில் கிடைத்த படம். பிள்ளை அதன் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்து எடுக்கிறது. போன வாரம் படித்த பாடம் இந்த வாரம் காலி.

*

சரி, தெரியாத முகத்தை வரையவே கூடாதா? அப்படிச் சொன்னால் வள்ளுவர் கோபித்துக் கொள்வார்.

இன்று நாம் அரசு அலுவலகத்திலும் பாடப் புத்தகத்திலும் பார்க்கிற வள்ளுவர், ஓவியர் கே.ஆர்.வேணுகோபால் சர்மா தந்த வள்ளுவர். குறளைத் திரும்பத் திரும்பப் படித்து, இப்படி எழுதியவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்து வரைந்த முகம் அது. வெள்ளை உடை, தாடி, கையில் ஓலையும் எழுத்தாணியும். 1964-ல் அன்றைய துணை ஜனாதிபதி ஜாகிர் உசேன் அந்தப் படத்தைச் சென்னை சட்டமன்றத்தில் திறந்து வைத்தார்.

அதற்கு முன்னால் வள்ளுவருக்கு வேறு வேறு முகங்கள் இருந்தன. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் இருந்த எல்லிஸ் துரை வெளியிட்டதாகச் சொல்லப்படும் தங்க நாணயத்தில் வள்ளுவர் உட்கார்ந்த நிலையில், தலைக்கு மேல் குடையோடு இருக்கிறார். பார்த்தால் ஜைன முனிவர் போலத் தெரியும். அவரவர் படித்த வள்ளுவரை அவரவர் வரைந்தார்கள்.

இதில் எது பொய்? எதுவும் இல்லை என்பேன். ஏனென்றால் சர்மா, ‘நான் வள்ளுவரைப் பார்த்தேன்’ என்று சொல்லவில்லை. குறளில் தான் கண்டதை வரைந்தார். நாம் எல்லோரும் சேர்ந்து, ‘ஆகட்டும், இதையே நம் வள்ளுவர் முகமாக வைத்துக் கொள்வோம்’ என்று ஒப்புக் கொண்டோம். ஓர் ஊருக்குப் பெயர் வைக்கிற மாதிரி இது. பெயர் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. சேர்ந்து வைத்துக் கொண்ட ஏற்பாடு.

ஆபத்து எங்கே வருகிறது? ஏற்பாடு என்பதே மறந்து போகிற இடத்தில். 2019 நவம்பரில் காவி உடையோடும் திருநீற்றோடும் ஒரு வள்ளுவர் ட்விட்டரில் வந்தார். தமிழ்நாடே ரெண்டுபட்டது. ‘அவர் வெள்ளைதான் உடுத்தினார்’ என்று ஒரு கட்சி, ‘இல்லை, காவிதான்’ என்று ஒரு கட்சி. அந்த மனிதரின் துணி அலமாரியைத் திறந்து பார்த்தவர்கள் மாதிரியே இரண்டு பக்கமும் பேசினார்கள். சண்டை போட வேண்டிய விஷயம் அதில் இருந்தது, மறுக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒருவரை ஒரு வீட்டுக்குள் இழுத்துப் பூட்டலாமா என்பதுதான் அது. ஆனால் நாம் போட்டது துணிச் சண்டை.

ஆக, பார்க்காத முகத்தை வரையலாம். ஆனால் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ‘இது நாம வச்ச முகம்ப்பா. அவரோட முகம் நமக்குத் தெரியாது.’ பத்து விநாடி ஆகுமா இதைச் சொல்ல? சொன்னால் மரியாதை குறைந்துவிடுமா? எனக்கென்னவோ கூடும் என்றுதான் படுகிறது. முகமே தெரியாத ஒருவரை இத்தனை நூற்றாண்டாக நினைவு வைத்திருக்கிறோம் என்றால், அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியமாக இருக்க வேண்டும்!

*

அடுத்து அவ்வை. இங்கே சிக்கல் கொஞ்சம் கூடுதல்.

நம் மனதில் இருக்கிற அவ்வை யார்? 1953-ல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தின் கே.பி.சுந்தராம்பாள். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த சிலையும் வயதான அவ்வைதான். ஆத்திசூடி எழுதிய அவ்வைக்கும் சங்கப் பாட்டு எழுதிய அவ்வைக்கும் நடுவே பல நூறு வருஷம் இடைவெளி என்று தமிழறிஞர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். நாம் எல்லா அவ்வைகளையும் ஒரே கிழவியாக்கி, ஒரே கோலைக் கையில் கொடுத்துவிட்டோம்.

அதியமானோடு இருந்த அவ்வை எப்படி இருந்தாள்? புறநானூற்றின் 89-வது பாட்டில் அவளே ஒரு தகவல் தருகிறாள். வேற்று நாட்டு அரசன் ஒருவன் அவளைப் பார்த்து, ‘ஒளி பொருந்திய நெற்றியை உடைய விறலியே, உங்கள் நாட்டில் போரிடுகிறவர்களும் இருக்கிறார்களா?’ என்று கேட்கிறான். மை தீட்டிய கண், நகை அணிந்த இடை என்றெல்லாம் அந்த விளிப்பு போகிறது. பொக்கை வாய்ப் பாட்டியைப் பார்த்து யாராவது இப்படிப் பேசுவார்களா? இதை வைத்துத்தான், சங்க கால அவ்வை இளம் பெண் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

இப்போது அந்த நெல்லிக்கனிக் காட்சியை மறுபடி யோசித்துப் பாருங்கள். அரசன் ஒரு பாட்டிக்குக் கொடுத்தது என்றால் அது முதியோருக்குச் செய்த மரியாதை. சம வயது தோழிக்கு, தன் நாட்டுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஒரு புத்திசாலிப் பெண்ணுக்கு, ‘நான் இருப்பதைவிட நீ நெடுநாள் இருக்க வேண்டும்’ என்று கொடுத்தது என்றால்? அதற்குப் பெயர் வேறு. நமக்கு அந்தப் பெயரை வைக்கத் தயக்கம். அறிவாளியான பெண், ஊர் ஊராகத் தனியாகச் சுற்றுகிறவள், கள் குடிக்கிறவள், அரசனோடு சரிசமமாகப் பேசுகிறவள். அவள் இளம் பெண்ணாகவும் இருந்துவிட்டால் நமக்குத் தாங்காது. அதனால் தலையை நரைக்க வைத்தோம்.

வள்ளுவர் விஷயத்தில் தெரியாத இடத்தை நிரப்பினோம். அவ்வை விஷயத்தில், தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை மூடிவிட்டு வேறொரு முகத்தை ஒட்டினோம். இரண்டும் ஒன்றில்லை.

*

நான் படித்தது பி.காம். ஓவியத்துக்கும் பி.காமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்துவிட்டு ஆடிட்டர் கையெழுத்துப் போடும்போது, ‘இந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி’ என்று எழுத மாட்டார். ‘ட்ரூ அண்ட் ஃபேர்’ என்று எழுதுவார். உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று அர்த்தம். உண்மை மட்டும் போதாதா, நியாயம் என்று தனியாக எதற்கு? ஒவ்வொரு எண்ணும் உண்மையாக இருந்து, மொத்தப் படம் பொய்யாக இருக்க முடியும். அதற்காகத்தான். வருஷக் கடைசியில் கணக்கை அழகாகக் காட்ட நடக்கிற ஜோடனைக்கு எங்கள் பாடத்தில் ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்று பெயர். கடை வாசலில் பொம்மைக்குப் பட்டுப் புடவை கட்டி நிறுத்துவது. உள்ளே சரக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

வரலாற்றுத் தலைவரின் படத்தையும் இந்த இரண்டு வார்த்தையால் அளக்கலாம் என்று தோன்றுகிறது. உண்மையா? நியாயமா?

*

தர்மபுரி மண்ணில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. கல்லில் இருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் எங்கே பார்த்தாலும் நடுகல். தர்மபுரி நகரில் இருக்கிற அகழ்வைப்பகத்தில் நடுகற்களைக் கொண்டு வந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்க நின்று செத்தவன், இவர்களுக்கு ஊரார் வைத்த கல். ஒரு கையில் வில், ஒரு கையில் வாள், முன்னே வைத்த கால், தலையில் கொண்டை. ஒரு நடுகல்லில் இருக்கிறவனின் முகத்துக்கும் பக்கத்து நடுகல்லில் இருக்கிறவனின் முகத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சிற்பிக்குத் திறமை இல்லை என்று நினைக்காதீர்கள். மூக்கும் முழியும் அவனுக்கு முக்கியமாகப் படவில்லை. யார், யாருடைய ஆள், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எதற்காகச் செத்தான் என்பதைப் பல கற்களில் எழுத்தாக வெட்டி வைத்தார்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதில் வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, ‘கோவிவன்’ என்று நாயின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். திருட வந்தவர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். அரசர்களின் பெயரே காணாமல் போகிற நாட்டில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு வருஷம் நின்றிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல நடுகற்களில் வீரனின் உடம்பில் அம்பு தைத்திருக்கும். நெஞ்சில், தொடையில். முகத்தை விட்டுவிட்ட சிற்பி அம்பை விடவில்லை!

*

அதியமானுக்கு வருகிறேன். அவன் முகம் யாருக்கும் தெரியாது என்று ஆரம்பத்தில் சொன்னேன். முகம்தான் தெரியாது. ஆளை நேரில் பார்த்த ஒருத்தி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவ்வையேதான்.

புறநானூற்றின் 100-வது பாட்டு. அதியமானுக்கு மகன் பிறந்திருக்கிறான். போர்க்களத்திலிருந்து நேராகப் பிள்ளையைப் பார்க்க வருகிறான். அவ்வை நின்று பார்க்கிறாள். என்ன பார்த்தாள்? கையில் வேல். காலில் கழல். உடம்பெல்லாம் வியர்வை. கழுத்தில் ஆறாத பச்சைப் புண். தலையில் பனங்குருத்தோடு வெட்சியும் வேங்கையும் சேர்த்துச் சூடியிருக்கிறான். புலியோடு சண்டை போட்ட யானை மாதிரி இன்னும் கோபம் அடங்கவில்லை. பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பெற்ற மகனைப் பார்த்தும் சிவப்பு மாறவில்லை.

உ.வே.சா. 1894-ல் புறநானூற்றை அச்சில் கொண்டு வந்தார். அன்றிலிருந்து இந்த உருவப்படம் நம் எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. ஓவிய ஆசிரியர் ஒருவர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தலை, கண், கழுத்து, உடம்பு, கை, கால் எல்லாவற்றுக்கும் குறிப்பு இருக்கிறது. ஆனால் சார்ட்டில் இருக்கிற அதியமானைப் பாருங்கள். பனங்குருத்து இருந்த இடத்தில் கிரீடம். வியர்வை இருந்த இடத்தில் பட்டு. புண் இருந்த கழுத்தில் முத்து ஆரம்.

இதை விண்டோ டிரெஸ்ஸிங் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல?

94-வது பாட்டில் இன்னொரு படம் தருகிறாள். ஆற்றுத் துறையில் ஒரு யானை படுத்திருக்கிறது. ஊர்ச் சிறுவர்கள் அதன் வெள்ளைத் தந்தத்தைக் கழுவுகிறார்கள். அது சும்மா கிடக்கிறது. அதியமானே, எங்களுக்கு நீ அப்படி; உன் பகைவர்களுக்கோ நீ மதம் பிடித்த யானை என்கிறாள். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம், ‘இந்த யானையை வரைடா, இதுதான் அதியமான்’ என்று கொடுத்துப் பாருங்கள். மூக்கும் வேண்டாம், மீசையும் வேண்டாம். அந்தப் பிள்ளை அதியமானை வாழ்நாள் பூரா மறக்காது.

நெல்லிக்கனிப் பாட்டிலும் ஒரு விஷயம் உண்டு. அங்கே அவ்வை அதியமானை, நஞ்சு உண்டு கழுத்து நீலமான சிவனைப் போல நிலைத்திரு என்று வாழ்த்துகிறாள். அங்கேயும் கழுத்து, மகனைப் பார்க்க வந்த பாட்டிலும் கழுத்து. அடுத்தவருக்காகத் தாங்கிக் கொண்டதன் அடையாளம் அவன் கழுத்தில் இருந்ததாக அவள் கண்டிருக்கிறாள். நாம் அங்கே நகையைப் போட்டு மூடிவிட்டோம்.

*

இதெல்லாம் இரண்டாயிரம் வருஷப் பழைய கதை, போகட்டும் என்று சொல்வீர்கள். சரி, நூறு வருஷத்துக்கு முந்தைய ஆளுக்கு வருவோம். அதே தர்மபுரி மாவட்டம். பாப்பாரப்பட்டி.

சுப்பிரமணிய சிவா வத்தலகுண்டில் 1884-ல் பிறந்தவர். 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு சேர்ந்து மேடையில் முழங்கியதற்காகக் கைதானார். 1912-ல் வெளியே வந்தபோது தொழுநோயோடு வந்தார். சிறை கொடுத்த பரிசு. அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. மனிதர் நிற்கவில்லை. நடந்து போனார். முடியாதபோது கட்டை வண்டியில் போனார். ஊர் ஊராகப் பேசினார். ‘ஞானபாநு’ பத்திரிகை நடத்தினார். கடைசியில் பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி ஆசிரமம் அமைத்தார். அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள், 1925 ஜூலை 23-ல், 40 வயதில் அங்கேயே இறந்து போனார். இன்று அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

ஆகஸ்ட் 15-க்கு மாவட்டத்துப் பிள்ளைகள் சிவாவை வரைகிறார்கள். தாடி, காவி உடை, கம்பீரமான பார்வை. விரல்கள் முழுசாக இருக்கும். தோல் வழவழப்பாக இருக்கும்.

அதியமானுக்கு யாரும் சாட்சி இல்லை என்று தப்பிக்கலாம் என்றால், அங்கே அவ்வை இருக்கிறாள். சிவாவுக்கோ ஊரெல்லாம் சாட்சி. இருந்தும் துடைத்துவிட்டோம். ஏன்?

‘சின்னப் பசங்க சார், பயந்துடுவாங்க’ என்பது முதல் பதில். இரண்டாவது பதில் இன்னும் நாகரிகமானது: ‘ஒரு தியாகியை நோயாளியாக் காட்டறது அவருக்கு அவமரியாதை இல்லையா?’

இரண்டாவது பதிலை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். அதில் நிஜமான அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அன்புக்குள்ளே ஒரு முடிச்சும் இருக்கிறது. நோய் ஒரு அவமானம் என்று நாம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டோம். அதனால்தான் அதைக் காட்டுவது அவமரியாதை என்று தோன்றுகிறது. ரயிலில் ஏற்ற மறுத்த வெள்ளைக்காரனும் அதே தீர்ப்பைத்தான் வைத்திருந்தான். அவன் அந்த உடம்பை ரயிலுக்கு வெளியே நிறுத்தினான். நாம் படத்துக்கு வெளியே நிறுத்துகிறோம்.

தொழுநோய்க்கு இன்று மருந்து இருக்கிறது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-லேயே பரிந்துரைத்துவிட்டது. முழுசாகக் குணமாகும். ஆனால் தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று நம் சட்டத்தில் எத்தனை காலம் இருந்தது தெரியுமா? 2019 வரை. மருந்து வந்து முப்பத்தெட்டு வருஷம் கழித்துத்தான் அந்த வரியை எடுத்தோம். ஏதாவது ஒரு வகுப்பில், வீட்டில் அந்த நோய் வந்து குணமான தாத்தாவோ பாட்டியோ இருக்கிற பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். விரல் இல்லாத கையால் சோறு பிசைந்து தின்கிற தாத்தாவை அது தினமும் பார்க்கிறது. பள்ளியில் யாரிடமும் சொல்வதில்லை. சிவாவின் கை எப்படி இருந்தது என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தாத்தாவை எப்படிப் பார்த்திருக்கும்? இழந்தது யார் என்று யோசியுங்கள்.

*

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை நடந்தது. நான்கு முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரூஸ்வெல்ட் 39 வயதில் நோய் தாக்கிக் கால்கள் செயலிழந்தவர். 1997-ல் வாஷிங்டனில் அவருக்குப் பெரிய நினைவகம் திறந்தார்கள். சிலையில் அவர் உட்கார்ந்திருப்பார். நாற்காலி தெரியாதபடி பெரிய அங்கி போர்த்தியிருக்கும். மாற்றுத்திறனாளிகள் சண்டை போட்டார்கள், பணம் திரட்டினார்கள். 2001-ல் சக்கர நாற்காலியில் அவர் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கிற சிலை நினைவகத்தின் நுழைவாயிலில் வந்தது.

எதிர்த்தவர்களிடமும் வலுவான வாதம் இருந்தது. ‘ரூஸ்வெல்ட்டே உயிரோடு இருந்தவரை நாற்காலியை மறைத்தார். இறந்த பிறகு அவர் விருப்பத்துக்கு மாறாக நாம் எப்படிக் காட்டலாம்?’ நியாயமான கேள்வி. ஆனால் அவர் ஏன் மறைத்தார்? நடக்க முடியாதவனால் நாட்டை நடத்த முடியாது என்று ஜனங்கள் நினைத்தார்கள். மறைத்தது அவர், மறைக்க வைத்தது ஜனங்கள். அவர் நான்கு தடவை ஜெயித்து அந்த நினைப்பைப் பொய்யாக்கிய பிறகும் திரையைப் பிடித்துக் கொண்டு நிற்பது யாருக்காக?

சிவா விஷயத்தில் இந்தச் சங்கடமும் கிடையாது. அந்த உடம்போடுதான் அவர் மேடை ஏறினார். அந்தக் காலோடுதான் நடந்தார்.

*

இப்போது எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். உண்மை என்ற பெயரில் நோயை மட்டும் பெரிதாக வரைந்தாலும் அது பொய்தான். சிவா என்றால் தொழுநோய், பாரதி என்றால் யானை தாக்கிய கதை, காந்தி என்றால் குண்டு என்று சுருக்குவது இன்னொரு விதமான விண்டோ டிரெஸ்ஸிங். பரிதாபத்தைக் கடை வாசலில் வைப்பது. ‘ட்ரூ’ இருக்கும், ‘ஃபேர்’ இருக்காது.

அளவு எப்படித் தெரியும்? மறுபடி அவ்வையிடம் போங்கள். அவள் சொல்கிற வரிசையைக் கவனியுங்கள். முதலில் வேல். அப்புறம் கழல். அப்புறம் வியர்வை. நாலாவதாகத்தான் புண். அவள் புண்ணை மறைக்கவில்லை. அதை முதலில் வைத்து ஒப்பாரியும் வைக்கவில்லை. அது இருந்த இடத்தில், இருந்த அளவில் வைத்தாள். உண்மையும் நியாயமும் ஒன்றாக வந்த ஓர் உருவப்படம் வேண்டும் என்றால் அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே பிள்ளைக்குப் பென்சிலைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசுங்கள். யாரை வரையப் போகிறோம், அவரை யாராவது பார்த்தார்களா, பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று சொல்லுங்கள். தெரியாத இடத்தில் பிள்ளையின் இஷ்டத்துக்கு விடுங்கள். படத்துக்கு அடியில் ‘என் கற்பனை’ என்று இரண்டு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். சிவாவை வரைகிற பிள்ளை புண்ணைப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்டை வண்டியை வரையட்டும். நீளமான மண் ரோட்டை வரையட்டும். துணி சுற்றின கை ஒன்று கோலைப் பிடித்திருக்கட்டும். தூரத்தில், அவரை ஏற்றாமல் ஒரு ரயில் போகட்டும். எந்தப் பிள்ளையும் பயப்படாது. கேள்வி கேட்கும். கேட்கட்டும்.

இதை இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளை வரைந்த பென்சில் படத்தைப் பார்த்தாலே அது வரைந்த படம் என்று தெரியும். கோணல் கோடே சாட்சி. இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அதியமானை வண்ணப் புகைப்படமாகவே கொடுத்துவிடுகிறது. தோலின் துளை வரை தெரிகிறது. நிஜத்தில் எடுத்த போட்டோ என்று பிள்ளை நம்பிவிடும். அந்த அதியமானும் கிரீடத்தோடுதான் வருகிறான், கழுத்தில் காயம் இல்லாமல்தான் வருகிறான். நாம் இத்தனை வருஷம் போட்டு வைத்த படங்களைத்தானே அது தின்று வளர்ந்திருக்கிறது!

நம் வீட்டுச் சுவரிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. மாலை போட்ட தாத்தா படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். முகம் மாவு பூசின மாதிரி இருக்கும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் அம்மைத் தழும்பை எல்லாம் டச்சப்பில் எடுத்திருப்பார். பாட்டிக்கு அந்தத் தழும்புகளைத் தொட்டுப் பார்த்தே ஆளைத் தெரியும். பேரனுக்குத் தெரிந்த தாத்தாவோ வேறொரு ஆள். அழகான ஆள். ஆனால் அவருக்கு அம்மை வந்ததும், ஊரே ஒதுங்கியபோது யாரோ ஒருத்தர் பக்கத்தில் இருந்து வேப்பிலை வீசியதும், பிழைத்து எழுந்து இந்தக் குடும்பத்தை உண்டாக்கியதும் அந்தப் படத்தில் இல்லை.

அதியமானுக்கு மீசை உண்டா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கவலை வேண்டாம். உங்கள் பிள்ளையின் இஷ்டத்துக்கு மீசை வைக்கட்டும், முறுக்கியும் விடட்டும்.

கழுத்தில் இருக்கிற புண்ணை மட்டும் ரப்பர் வைத்து அழிக்கச் சொல்லாதீர்கள்.